அசல் மாயாவியா, நகல் மாயாவியா?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 36 வயது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருக்கிறேன். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியை மச்சிலிருந்து இறக்கினால், உள்ளே முந்நூறுக்கும் மேல் காமிக்ஸ். முத்து, லயன், ராணி, தமிழ் இந்திரஜால், நடுநடுவே மலையாளத்தில் பூம்பாட்டா, பாலரமா. சிலது தனித்தனியாக, சிலது பத்துப் பத்தாக பைண்டிங் போட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'இரும்புக்கை மாயாவி, 1972 அசல்' என்று வந்ததை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் வந்ததும் ஏதோ இடிக்கிறது. அதே ஆள் இப்போது தமிழ் இந்திரஜால் 'முழு செட்' 90,000க்குத் தருகிறேன், மூன்று நாளில் முடிவு சொல்லுங்கள் என்கிறார். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசனை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வாங்கியது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவின் புத்தகங்களை லேமினேட் செய்துவிடச் சொல்கிறார் டவுனில் ஃபிரேம் கடைக்காரர். செய்யலாமா? ஏழு வயது மகள் படிக்கக் கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, வளையலை வைக்காதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி மற்றதை நிதானமாகப் பேசலாம்.

என் தொழில் பழைய தாள்களைச் சீர்செய்வது. ஆதாரப் பத்திரம், ஜாதகக் கட்டு, கோயில் கணக்கு என்று வந்துகொண்டிருந்த மேசைக்குக் கொஞ்ச வருஷமாகக் காமிக்ஸும் வருகிறது. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் நாயகன் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மாயாவி, வேதாளர், மாண்ட்ரேக், ஸ்பைடர். எனக்குக் கண்ணில் படுவது தாள், மை, தாள்களைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின். விலையைத் தீர்மானிப்பதும், பொய்யைக் காட்டிக்கொடுப்பதும், இன்னும் எத்தனை வருஷம் அந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருக்கும் என்பதைச் சொல்வதும் அந்தத் தாள்தான். கதையை வேறெங்கும் படித்துக்கொள்ளலாம்.

மாயாவியையே எடுத்துக்கொள்வோம். அவர் 1962ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. 1970களின் தொடக்கத்தில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது அதன் முதல் நாயகனாக வந்தார். பிறகு பதிப்பகத்தாரே அந்தக் கதைகளை மறுபடியும் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். வாசகர்கள் கேட்டார்கள், அவர்கள் போட்டார்கள், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆகவே கதை அபூர்வமில்லை. அபூர்வமானது அந்த முதல் அச்சுத் தாள். 14,000 ரூபாய் அதற்குத்தான். அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சந்தையில் ஏமாற்று இரண்டு வகை. ஒன்று, நேர்மையாக வந்த மறுபதிப்பை அட்டை கிழிந்த நிலையில் 'முதல் பதிப்பு' என்று விற்பது. மற்றது, அசலை ஸ்கேன் செய்து அச்சிட்டு, பழசாக்கி விற்பது. இரண்டையும் ஒரே சோதனையால் பிடிக்க முடியாது. முதலாவதை எழுத்தும் முகவரியும் பிடித்துக்கொடுக்கும். இரண்டாவதைத் தாளும் மையும்தான் பிடித்துக்கொடுக்கும்.

எழுத்திலிருந்து வருவோம். நீங்கள் வாத்தியார், இது உங்களுக்குச் சுலபம். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன்னால் பொதுவாக அச்சில் லை, னை, ணை, ளை எல்லாம் தலையில் தும்பிக்கை தூக்கி நிற்கும். றா, னா, ணா சுழித்துக்கொண்டு வரும். 1972 என்று சொல்கிற புத்தகத்தில் இன்றைய 'லை', இன்றைய 'னா' இருந்தால் அது அநேகமாக 1972 இல்லை. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: பழைய எழுத்து இருப்பதாலேயே அது 1978க்கு முந்தியது ஆகிவிடாது. ஆணை வந்த மறுநாளே அச்சகத்தார் ஈய எழுத்துகளை உருக்கிவிடவில்லை, கையில் இருந்த எழுத்தை வைத்துப் பல வருஷம் ஓட்டினார்கள்.

அடுத்தது முகவரி. அட்டையின் உள்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ சின்ன எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் இருக்கும். யாரும் படிக்காத வரி அது, ஏமாற்றுக்காரரும் படிப்பதில்லை. நம் நாட்டில் ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15ம் தேதி. அதற்கு முந்தைய இதழ் என்று சொல்லி, உள்ளே சிவகாசி 626123 என்று அச்சாகியிருந்தால் சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிடலாம். சிவகாசி 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் மாவட்டம் என்று கண்டால் அது பிற்பாடு வந்தது. மதராஸ் 'சென்னை' என்று அதிகாரபூர்வமாக மாறியது 1996ல். தமிழில் அதற்கு முன்பும் சென்னை என்றே எழுதுவார்கள், அதனால் ஆங்கில விளம்பரத்தில் பாருங்கள். உள்ளே இருக்கிற விளம்பரங்களையும் விடாதீர்கள். அடுத்த மாதம் என்ன வருகிறது என்ற அறிவிப்பும், சந்தாத் தொகையும் காலத்தைச் சொல்லிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மனசுக்கு இடிக்கிறது என்றால் இரண்டாவது வகையாக இருக்கலாம். ஸ்கேன் செய்த நகலில் பழைய எழுத்தும் இருக்கும், பழைய முகவரியும் இருக்கும், எல்லாம் அப்படியே வந்திருக்கும். இங்கேதான் தாள்.

ஒரு லென்ஸ் தேடிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ஜவுளிக்காரர்கள் நூல் எண்ணுவதற்கு வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் போதும், விலையும் கம்மி. அட்டைப் படத்தை அதில் பாருங்கள். அசல் அச்சில் வண்ணம் வரிசையான புள்ளிகளால் ஆனது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரம் தெளிவாக இருக்கும். நகலில் அந்தப் புள்ளியின் மேலேயே இன்னொரு புள்ளிக் கூட்டம் விழுந்து, அலை அலையாக ஒரு கோலம் தெரியும். இங்க்ஜெட்டில் எடுத்திருந்தால் ஒழுங்கில்லாத தெளிப்பு. லேசர் என்றால் கறுப்பு மினுமினுக்கும், தாளுக்குள் இறங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும், மடிப்பில் பொரிந்து உதிரும். உள்பக்கங்களில் நாயகனின் முகத்தில் இருக்கும் மெல்லிய கோடுகளைக் கவனியுங்கள். நகலில் அவை தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்கோ மாதிரி நிழலுக்கு மயிரிழைக் கோடு போடுகிற ஓவியரின் பக்கங்களில் இது உடனே தெரியும்.

அப்புறம், மளிகைக் கடையில் ரூபாய் நோட்டுப் பார்க்க ஒரு ஊதா விளக்கு வைத்திருப்பார்கள் அல்லவா? ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் போய், உள்பக்கம் ஒன்றை அதன் கீழே காட்டுங்கள். இன்றைய வெள்ளைத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பதால் அது நீலமாகப் பளிச்சென்று ஒளிரும். பழைய நியூஸ்பிரிண்ட் மந்தமாக, பழுப்பாகவே கிடக்கும். அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது வேறு தாள்.

பழுப்பேற்றும் வித்தைக்கு வருவோம். டீத் தண்ணீரில் தோய்த்து எடுப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. தோய்த்த தாள் நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறமாக இருக்கும், அல்லது திட்டுத் திட்டாக இருக்கும். வயதான தாள் அப்படி இருக்காது. மூடி வைத்த புத்தகத்தில் காற்றும் வெளிச்சமும் ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும். அதனால் ஓரம் கருத்து, நடுவே போகப் போக வெளுத்திருக்கும். பின்னையும் பாருங்கள். நாற்பது ஐம்பது வருஷம் கிடந்த பின்னின் துரு, சுற்றியுள்ள தாளில் இறங்கிக் கறை போட்டிருக்கும். பின்னில் துரு, தாளில் கறையே இல்லை என்றால் அந்தப் பின் வேறெங்கோ துருப்பிடித்து இங்கே வந்திருக்கிறது. பின் ஒன்று, துளை இரண்டு ஜோடி என்றாலும் யாரோ பிரித்துக் கோத்திருக்கிறார்கள். அது மோசடி என்றே சொல்ல முடியாது, நடுத்தாள் விழுந்த புத்தகத்துக்கு இன்னொரு பிரதியின் நடுத்தாளைப் போட்டுத் தைத்திருப்பார்கள். ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும், விலையும் இறங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நகல் என்று உறுதியானால், பேச்சு வார்த்தை எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரப் படம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் உறை, எதையும் அழிக்காதீர்கள். தராவிட்டால் இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் 1930ல் புகார் கொடுங்கள். 'நானே தெரிந்து வாங்கினேன், வெட்கமாக இருக்கிறது' என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த வெட்கத்தில்தான் இப்படிப்பட்டவர்களின் வியாபாரம் ஓடுகிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நகலை வாய் பொத்திக்கொண்டு இன்னொருவர் தலையில் கட்டுவது. சேகரிப்பாளர் வட்டம் சின்னது, ஒரு தடவை பெயர் கெட்டால் அப்புறம் யாரும் நல்ல பிரதியைக் காட்டவே மாட்டார்கள்.

இப்போது அந்த 90,000. இந்திரஜால் காமிக்ஸ் 1964 மார்ச்சில் தொடங்கி 1990ல் நின்றது. ஆங்கிலத்தில் எண்ணூறுக்கு மேல் இதழ்கள். எல்லா மொழிகளிலும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வரவில்லை. ஆக 'தமிழில் முழு செட்' என்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, தமிழில் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் அட்டை, பதிப்பு வரி, நடுப்பக்கப் பின், கடைசிப் பக்கம் நான்கின் படம். இருநூறு முந்நூறு இதழுக்கு இது பெரிய வேலைதான். உண்மையாக வைத்திருப்பவர் முணுமுணுத்தாலும் செய்வார், ஏனென்றால் அவருக்கும் தன் பொருளைக் காட்ட ஆசை இருக்கும். இல்லாதவர் 'இன்னொரு பார்ட்டி காத்திருக்கு' என்பார். மூன்று நாள் கெடு அதற்குத்தான். நாற்பது வருஷம் பெட்டியில் கிடந்த புத்தகத்துக்கு மூன்று நாளில் என்ன அவசரம்?

செட்டில் இன்னொரு தந்திரம் உண்டு. நல்ல இதழ்கள் பத்துப் பதினைந்தின் படத்தை மேலே போட்டு, கீழே அட்டையில்லாதது, பக்கம் குறைந்தது, பூச்சி தின்றது எல்லாவற்றையும் கட்டி அனுப்புவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும், நீங்கள் எதுவும் பேச முடியாது. தனித்தனியாக வாங்குங்கள். கூட ஐம்பது, நூறு ஆனாலும் பரவாயில்லை. ஏற்கெனவே உங்கள் அப்பாவின் பெட்டியில் தமிழ் இந்திரஜால் இருக்கிறது. எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பழைய நோட்டில் எண்வாரியாக எழுதினீர்களா? எழுதாமல் செட் வாங்கினால் பாதிக்குப் பாதி இரட்டைப் பிரதியாகத்தான் வரும்.

பழசு என்றால் அபூர்வம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் கழற்றி வையுங்கள். அமெரிக்காவில் 1938ல் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது, அதில் ஒரு நல்ல பிரதி 2024ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. காரணம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள், இரண்டாம் உலகப் போரில் பழைய தாள் திரட்டியபோது மிச்சமும் போனது. அதே சூப்பர்மேன் செத்துப்போகிற இதழ் 1992ல் கறுப்பு உறையில் சீல் வைத்து வந்தது. நாளைக்கு விலை ஏறும் என்று லட்சக்கணக்கானவர்கள் வாங்கிப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்று அதற்குப் பெரிய விலை கிடையாது. நம் பக்கமும் இதே கணக்குதான். ராணி காமிக்ஸ் 1984லிருந்து 2005 வரை 500 இதழ் வந்தது. தினத்தந்தி போய்ச் சேர்கிற கடையிலெல்லாம் அதுவும் தொங்கியது. நல்ல நிலையில் இருந்தால் சந்தோஷம், ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபது, எழுபதுகளின் இதழ்கள் வேறு. வாடகை நூலகத்தில் நூறு கை மாறிக் கிழிந்தவை, ஆக்ரிக் கடையில் எடைக்குப் போனவை, 1985ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கே இருந்த பழைய புத்தகங்களோடு சாம்பலானவை. அதனால் அவற்றுக்கு விலை இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 1970லிருந்து வருகிற ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு மாதிரி எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று தமிழுக்கு இல்லை. இங்கே விலை என்பது இரண்டு ஆட்களின் ஆசைக்கு நடுவே நிற்கிற எண். ஒரே இதழுக்கு ஒரே மாதத்தில் 800ம் கேட்பார்கள், 8,000மும் கேட்பார்கள்.

அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகத்துக்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. சிலர் இங்கிருந்தும் அனுப்ப யோசிக்கிறார்கள். என் கருத்து: தமிழ்ப் புத்தகத்துக்கு வேண்டாத செலவு. அடைத்த பிறகு படிக்கவும் முடியாது, உள்ளே தாள் வயதாவதும் நிற்காது.

அப்பாவின் பெட்டிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம்.

நியூஸ்பிரிண்ட் மரத்தை அரைத்துச் செய்த தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கிறது, அமிலம் ஊறுகிறது, அமிலம் நாரை வெட்டுகிறது. கடைசியில் தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். இதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். லேமினேஷன் இதற்கு நேர் எதிர். சூடு கொடுத்து, பசை ஏற்றி, அமிலத்தை உள்ளேயே வைத்து அடைக்கிறார்கள். பிறகு அதைப் பிரிக்க என்னால் மட்டும் அல்ல, யாராலும் சேதமில்லாமல் முடியாது. வாங்க வருகிறவரும் லேமினேட் செய்த பிரதியைக் கையில் எடுக்க மாட்டார். ஃபிரேம் கடைக்காரர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் வேண்டாம். செல்லோடேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் பிளாஸ்டிக் உரிந்து விழும், பசை மட்டும் காபி நிறத்தில் தாளுக்குள் இறங்கி நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருப்பதை நீங்களே இழுக்காதீர்கள்.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வாளையாறு கணவாய் வழியாக மார்கழி, தையில் கிழக்கேயிருந்து அடிக்கிற வறண்ட காற்று வேட்டியை ஒரு மணி நேரத்தில் காய வைத்துவிடும். தாளிலிருக்கும் ஈரத்தையும் அப்படியே உறிஞ்சிவிடும். அப்புறம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. மேற்கேயிருந்து ஈரக் காற்று. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மழை கம்மி என்பீர்கள், காற்றில் ஈரம் கம்மியில்லை. தாள் மார்கழியில் சுருங்கி, ஆனியில் ஊதி, மறுபடி சுருங்கி என்று வருஷா வருஷம் நடந்தால், நாரும் தளர்ந்துவிடும், பின்னும் துருப்பிடிக்கும். தொடர்ந்து ஒரே ஈரத்தில் இருப்பதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மோசம். மச்சு, அதுவும் ஓட்டுக்குக் கீழே, எல்லாவற்றையும்விட மோசம். அப்பாவின் பெட்டியை மறுபடி அங்கே ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு நடுவில், குளியலறைச் சுவரை ஒட்டாத இடத்தில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஓர் இரும்பு பீரோவின் ஒரு தட்டு போதும். பழைய தகரப் பெட்டியில் உள்ளே துரு இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். அடியில் செய்தித்தாள் விரிக்கிற பழக்கத்தை விடுங்கள், அது அமிலத்துக்குப் படுக்கை போடுவது. கஞ்சி போகத் துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி விரியுங்கள். ஒவ்வொரு இதழையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் போடலாம். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் மெத்தென்ற பி.வி.சி. உறை ஆகாது, கொஞ்ச நாளில் எண்ணெய் கசிந்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உறையின் வாயை ஒட்டாமல் விடுங்கள். படுக்க வைத்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். ஓரத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் வைத்தால் மாதம் ஒருமுறை சூடு காட்டி ஈரம் போக்க வேண்டும். அதை மறந்தால் வைத்தும் பயனில்லை.

பூச்சிக்கு அந்துருண்டை என்று பாட்டிகள் காலத்திலிருந்து பழக்கம். வாசனை மனிதரை விரட்டும் அளவுக்கு இராமபாணப் பூச்சியை விரட்டுவதில்லை, முட்டையை ஒன்றும் செய்யாது, உங்கள் மகளுக்கும் நல்லதில்லை. பச்சை வேப்பிலை வைத்தால் ஈரம்தான் சேரும். பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்த கட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ரீசரில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்து, பையின் வெளிப்பக்க ஈரம் காய்ந்த பிறகு திறங்கள். ஃப்ரீசரில் மீன் இருந்தால் வீட்டில் இதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை இங்கே பலர் வெயிலில் காயப் போட்டார்கள். அட்டை ஒட்டிக்கொண்டு பலகையாகிவிட்டது. நனைந்ததை உடனே உறைய வைத்தால் அவகாசம் கிடைக்கும். காய வைப்பது நிழலில், மின்விசிறிக் காற்றில்.

பைண்டிங் போட்ட தொகுதிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது 'பிரித்து விற்றால் காசு' என்று வருவார்கள். பிரிக்காதீர்கள். பைண்டர் ஏற்கெனவே ஓரத்தை வெட்டியிருப்பார், சில படங்களின் விளிம்பும் பேச்சுக் குமிழும் போயிருக்கும். பிரித்தால் தையல் துளையும் முதுகுக் கிழிசலும்தான் மிஞ்சும். அந்த பைண்டிங்தான் அவற்றை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தத் தாமிரம் நாளடைவில் பக்கத்துத் தாளைத் தின்னும். முதல், கடைசிப் பக்கங்களில் பழுப்புத் திட்டு பரவியிருந்தால் அந்தத் தொகுதியை மட்டும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். துரு தாளைக் கடிக்கத் தொடங்கிய பின்களையும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள். கடிக்காத பின் அப்படியே இருக்கட்டும், சேகரிப்பவர்கள் அசல் பின்னைக் கேட்பார்கள்.

வாடகை நூலக முத்திரை, அப்பா பேனாவில் எழுதிய பெயர், வாங்கிய தேதி எதையும் அழிக்க வேண்டாம். எந்தக் கடையில், எந்த ஊரில் என்று எழுதியிருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாலக்காடு ஜங்ஷனில் வாங்கியதா, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கியதா என்பது இன்னும் இருபது வருஷத்தில் யாருக்கும் தெரியாத விஷயமாகிவிடும்.

மலையாள இதழ்களை 'இது தமிழ் கலெக்‌ஷனில் சேராது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லைப் பக்கத்து வீடுகளில்தான் இந்தக் கலவை கிடைக்கும். தமிழ்ச் சேகரிப்பாளர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். திருச்சூரிலோ எறணாகுளத்திலோ ஒருவர் பழைய பூம்பாட்டாவைத் தேடிக்கொண்டிருப்பார், அவர் வீட்டில் தமிழ் இதழ் நாலு தூங்கிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்குவதைவிட இந்த மாற்றுதான் உங்களுக்கு வசதி. கோயம்புத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நேரில் நின்று, தாளைத் தொட்டுப் பார்த்து வாங்குவதும் நல்லது. கையில் எடுத்த புத்தகத்தை யாரும் மூன்று நாள் கெடு வைத்து விற்பதில்லை.

எதைச் சேர்ப்பது என்று ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். அப்பா விட்ட இடங்களை நிரப்புவது என்று வைத்தால்கூடப் போதும், அதற்கே வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை வீட்டில் சொல்லி ஒதுக்குங்கள். 14,000த்தையும் சொல்லிவிடுங்கள், தம்பி. நகலா அசலா என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

மகளுக்கு என்ன கொடுப்பது? மாயாவி மறுபதிப்பு ஒன்று புதிதாக வாங்கிக் கொடுங்கள், அவள் இஷ்டத்துக்கு மடக்கட்டும், தலையணைக்கு அடியில் வைக்கட்டும். பெட்டியில் பாலரமா இரட்டைப் பிரதிகள் இருந்தால் அவற்றையும் கொடுக்கலாம். அதில் வரும் குட்டூசனும் லுட்டாப்பியும் ஏழு வயதுக்கு மிகவும் பிடிக்கும். அப்பாவின் பழைய முத்து இதழ்களைப் பார்க்கக் கேட்டால் நீங்கள் கூட உட்கார்ந்து காட்டுங்கள். மேசையில் விரித்து வைத்து, கை கழுவித் துடைத்த பிறகு. பக்கத்தை மேல் மூலையில் பிடித்துப் புரட்டச் சொல்லுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை முதலில் நீங்கள் விடுங்கள்.